பொது அச்சுப்பொறியும் மூன்று நெறிமுறைகளும்: ஒரு திறனாய்வு

யூனிக்ஸ் இயங்குதளமுடைய கணினியொன்றில் எழுதப்பெற்ற வெறும் உரைக்கோப்பினை, விண்டோஸ் கணினிகளின் வழக்கத்துக்கேற்ப அமைந்த அச்சுப்பொறியொன்றுக்கு எவ்வித மாற்றமுமின்றி அனுப்பினால், தாளில் ஒரு விந்தையான கோலம் தோன்றும். முதல் வரி உரிய இடத்தில் விழும். இரண்டாம் வரி, முதல் வரி முடிந்த இடத்துக்கு நேர்கீழே தொடங்கும். மூன்றாம் வரி அதனினும் வலப்புறம் விலகும். சில வரிகளுக்குள் எழுத்துக்கள் தாளின் விளிம்பைக் கடந்து மறைந்தொழியும். படிக்கட்டு விளைவு என இதனைக் கூறுவர். இதன் காரணம் மிகச் சிறியது. பழைய தொலையச்சுப் பொறிகளில் அச்சுத்தலையை இடப்புறத்துக்கு மீட்டல் ஒரு செயல். தாளை ஒரு வரி உயர்த்துதல் பிறிதொரு செயல். இரண்டுக்கும் தனித்தனிக் குறிகள் இருந்தன. விண்டோஸ் ஒவ்வொரு வரியின் இறுதியிலும் அவ்விரண்டு குறிகளையும் இடும். யூனிக்ஸ் தாளுயர்த்துங் குறியை மட்டும் இட்டு, மற்றையதைப் பெறுபவர் உய்த்துணர்க என விட்டுவிடும். பழைய மக்கின்ரோஷ் கணினிகளோ மீட்டற்குறியை மட்டும் இட்டு வந்தன. அச்சுப்பொறியிலும் குற்றமில்லை, கம்பியிலும் குற்றமில்லை, அனுப்பியவரிடத்தும் குற்றமில்லை. ஒரே தாளைப் பற்றி மூன்று மரபினர் மூன்று வழக்குகளைக் கொண்டிருந்தனர் என்பதே உண்மை.

வேறுவேறு இயங்குதளங்களையுடைய கணினிகள் பல ஓர் அச்சுப்பொறியைப் பகிர்ந்து கொள்ளுதல் பற்றி எழுதுவோருட் பலர், அதனை இணைப்புக் கம்பியின் சிக்கலாகவே கருதி, இன்ன பொத்தானை அழுத்துக, இன்ன எண்ணை எழுதுக என்று கூறி அமைவர். அது போதாது. கம்பி இணைந்த பின்னரே உண்மையான சிக்கல் தொடங்குகின்றது. அச்சுப்பொறி தாளின் எந்த அளவினை ஏற்கும், இருபுறமும் அச்சிடுமோ, எம்மொழியில் இட்ட கட்டளையை உணரும் என்னும் அறிவு எவரிடத்து இருத்தல் வேண்டும்? அனுப்புங் கணினியிடத்தோ, இடைநின்று ஏவும் வழங்கியிடத்தோ, அன்றி அச்சுப்பொறியிடத்தேயோ? சென்ற நாற்பது ஆண்டுகளில் இவ்வினாவுக்கு மூன்று விடைகள் கூறப்பட்டன. அவை மூன்றும் இன்றும் பல அலுவலகங்களில் ஒருங்கே வழங்குவன. ஆதலின் அவற்றை ஒப்புநோக்கி மதிப்பிடுதல் வீண் முயற்சியாகாது.

தொழில்நுட்ப ஏடுகளை இலக்கிய ஆராய்ச்சிக்குரிய கருவிகளைக் கொண்டு அளத்தல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறலாம். நெறிமுறை ஏடு என்பது இயல்பில் ஓர் இலக்கண நூலே. இருவர் தம்முட் பேசுங்கால் எவர் முதலிற் பேசுவது, எச்சொல் எப்பொருள் தரும், பிழைபட்டவிடத்து யாது செய்வது என்பவற்றை அது வரையறுக்கின்றது. நன்னூல் ஒரு நூலுக்கு ஆகாதனவாகப் பத்துக் குற்றங்களை எண்ணியது. அவற்றுள் குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மயங்க வைத்தல் என்னும் மூன்றும் இவ்வேடுகளை அளக்க நன்கு பயன்படும் அளவுகோல்களாம்.

முதல் விடையைத் தருவது ஆர்.எப்.சி. 1179 என்னும் ஏடு. இணைய நெறிமுறைகளை வெளியிடும் வரிசையில் 1990 ஓகஸ்ட் மாதத்தில் லியோ மக்லோக்லின் என்பாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு இது வெளிவந்தது. பேர்க்கிலியில் வளர்ந்த யூனிக்ஸ் வகையில் வரியச்சுப் பொறிகளுக்கென எழுந்த வழக்கினை இது விவரிக்கின்றது. ஏற்கெனவே பரவியிருந்த நெறிமுறையை விவரிப்பதே தன் நோக்கமென ஏடே தொடக்கத்திற் கூறிவிடுகின்றது. இலக்கியத்துக்குப் பின்னரே இலக்கணம் என்னும் முறை இங்கும் பொருந்தும். வழக்கு முன்னரும் விதி பின்னரும் பிறந்தன. எல்.பி.டி. எனச் சுருக்கமாக வழங்கும் இந்நெறிமுறைக்கு 515ஆம் துறையெண் உரியது. கட்டளைகள் ஐந்தே: காத்திருப்பவற்றை அச்சிடுக, புதிய பணியொன்றைப் பெறுக, வரிசையின் நிலையைச் சுருக்கமாகக் கூறுக, விரிவாகக் கூறுக, பணியை நீக்குக. இச்சுருக்கம் போற்றத்தக்கது. ஒரு மாணவன் ஒரு மாலைப் பொழுதில் இவ்வேட்டைக் கற்று, மறுநாள் இயங்கும் மென்பொருளொன்றை எழுதிவிடலாம். பின்னாளில் ஏறக்குறைய எல்லா இயங்குதளங்களும் இதனைப் பேசக் கற்றமைக்கு இவ்வெளிமையே காரணம்.

ஆயினும் சுருக்கம் வேறு, குன்றக் கூறல் வேறு. ஒவ்வொரு பணியுடனும் செல்லுங் கட்டுப்பாட்டுக் கோப்பில், அனுப்பப்படும் பொருள் இன்ன வகையது என ஓர் ஆங்கில எழுத்தால் உணர்த்தப்படும். அவ்வெழுத்துக்களை நிரலே நோக்கினால் அக்காலத்துப் பல்கலைக்கழகக் கணினிக்கூடமே கண்முன் தோன்றும். போட்ரான் மொழியின் முறைப்படி வரிகளை நகர்த்தும் கோப்புக்கு ஓர் எழுத்து. டிரொப் என்னும் பக்கமமைக்கும் மென்பொருளின் விளைவுக்கு ஓர் எழுத்து. டெக் மென்பொருளின் டி.வி.ஐ. கோப்புக்கு ஓர் எழுத்து. போஸ்ட்ஸ்கிரிப்ட்டுக்கு ஓர் எழுத்து. தாளின் அளவைக் கூறுதற்கு எழுத்தில்லை. இருபுறமும் அச்சிடுக என்றற்கு எழுத்தில்லை. பத்துப் படிகள் வேண்டுமாயின் ஒரே வரியைப் பத்துமுறை எழுதுதலே நடைமுறையாயிற்று. வரிசையின் நிலையைக் கேட்டால் வழங்கி ஏதோ சில சொற்களை விடையாக அனுப்பும். அச்சொற்கள் எவ்வடிவில் அமைதல் வேண்டுமென ஏடு விதிக்கவில்லை. மனிதர் படித்து விளங்கிக்கொள்வர். பிறிதோர் இயங்குதளத்தின் மென்பொருள் அதனைப் படித்துத் தாள் தீர்ந்ததென அறிதல் யாங்ஙனம்?

மயங்க வைத்தல் என்னுங் குற்றத்துக்கு இவ்வேட்டில் ஒரு சிறந்த சான்று உண்டு. எஃப் என்னும் எழுத்து சாதாரண உரைக்கோப்பைக் குறிக்கும். அவ்வகைக் கோப்பில் வரியிறுதி, பக்கவிறுதி முதலிய ஐந்து குறிகளையன்றி ஏனைய கட்டுப்பாட்டுக் குறிகளையெல்லாம் வழங்கி களைந்துவிடல் வேண்டும் என்பது விதி. எல் என்னும் எழுத்தாயின் ஒன்றையுங் களையாது விடல் வேண்டும். சில யூனிக்ஸ் வழங்கிகள் முதல் விதியைப் பொருட்படுத்தாது எல்லாவற்றையும் அவ்வண்ணமே அனுப்பின. சில விதியைக் கைக்கொண்டன. வழங்கி களையாது என நம்பி எஃப் என்று எழுதிய விண்டோஸ் கணினி, விதி காக்கும் வழங்கியொன்றைச் சந்தித்தவிடத்து, அச்சுப்பொறிக்குரிய கட்டளைகளின் தலைக்குறி களையப்பட்டது. எஞ்சியவை கட்டளையாகாது எழுத்துக்களாகவே தாளில் விழுந்தன. விதியை மீறியவரிடத்து அழகிய பக்கமும், விதியைப் போற்றியவரிடத்துக் குப்பையும் விளைந்தன.

இவ்வேட்டின் தலையாய குறை பாதுகாப்புப் பற்றியது. அனுப்புபவர் 721 முதல் 731 வரையுள்ள பதினொரு துறையெண்களுள் ஒன்றிலிருந்தே பேசுதல் வேண்டும் என அது விதிக்கின்றது. இதன் உட்கருத்து யாதெனின், யூனிக்ஸ் கணினியில் இத்தகைய சிறிய எண்களைத் திறத்தல் நிருவாகிக்கே உரிய அதிகாரம். ஆகவே அங்கிருந்து வருவோர் நம்பத்தக்கவர் என்பதாம். ஓர் ஊரின் வழக்கத்தை உலக வழக்கமெனக் கருதியமை இதிற் புலனாகும். மேசைக் கணினிகளின் டொஸ், விண்டோஸ் முதலியவற்றில் எவரும் எவ்வெண்ணையும் திறக்கலாம். நம்பிக்கையின் அடிப்படை மற்றோர் இயங்குதளத்தின் வாயிலிலேயே வீழ்ந்தது. பாதுகாப்புத் தராத அவ்விதி இடர் மட்டும் தந்தது. ஒருமுறை பயன்பட்டு மூடிய எண் சிறிதுநேரம் மீண்டும் பயன்படாது. ஆதலின் சிறிய பணிகள் பதினொன்றை விரைந்து அனுப்பியவர் பன்னிரண்டாவதற்குக் காத்திருக்க நேர்ந்தது.

அறிவு அனுப்புபவரிடத்து இருத்தல் வேண்டும், கம்பி எதனையும் உணரவேண்டுவதில்லை என்பதே இவ்வேட்டின் விடை. அவ்விடை செவ்விதாகப் பயன்படுதற்கு அச்சுப்பொறிகள் யாவும் ஒரு பொதுமொழியை உணர்தல் வேண்டும். அத்தகைய பொதுமொழியொன்று அக்காலத்தில் இருந்தது. ஜோன் வோர்னொக், சார்ள்ஸ் கெஷ்கி என்னும் இருவர் 1982இல் நிறுவிய அடோபி நிறுவனம் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்னும் பக்க விவரண மொழியை ஆக்கியது. 1985இல் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட லேசர்ரைட்டர் அச்சுப்பொறி அம்மொழியை உணர்ந்தது. அதன் விலை 6,995 டொலர். ஒருவர் தமக்கெனத் தனியே வாங்கவியலாத அவ்விலையே அதனைப் பகிரும் பொறியாக்கியது. அப்பொறியுடன் கணினிகள் பலவற்றை இணைக்கும் எளிய வலையமைப்பும் வந்தது. அவ்வலையமைப்பின் வேகம் வினாடிக்கு 2,30,400 பிட். அங்குலத்துக்கு 300 புள்ளிகளாக ஏ4 தாளொன்றை நிரப்ப ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள் வேண்டும். அவற்றை ஒவ்வொன்றாக அனுப்பினால் ஒரு பக்கத்துக்கே 38 வினாடியளவு செல்லும். இன்ன வளைவை இங்கு வரைக, இன்ன எழுத்தை அங்கு இடுக எனச் சில வரிகளில் உணர்த்தும் மொழியே அந்நாளில் பகிர்வைச் சாத்தியமாக்கியது. பக்கத்தைக் கணித்து வரையும் பொறுப்பை அச்சுப்பொறி ஏற்றமையால், அனுப்புங் கணினி எவ்வியங்குதளத்தது என்பது பொருட்டாகவில்லை.

இப்பொதுமொழி நெடுங்காலம் ஆட்சி செலுத்தவில்லை. மொழியறிவுள்ள பொறிக்கு விலை மிகுதி. 1990களில் விலையைக் குறைக்க விழைந்தோர் அச்சுப்பொறியிலிருந்து அவ்வறிவையே அகற்றினர். பக்கத்தைக் கணிக்கும் வேலை முழுவதையும் விண்டோஸ் கணினியிடம் ஒப்படைத்துவிட்டுப் புள்ளிகளை மட்டும் பெற்று அச்சிடும் ஊமைப் பொறிகள் சந்தையை நிறைத்தன. அவற்றின் புள்ளிமுறை ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வெவ்வேறு, பெரும்பாலும் வெளியிடப்படாதது. விண்டோஸ் அல்லாத கணினிக்கு அப்பொறி கல்லொன்றே ஆயிற்று. பீற்றர் டொய்ச் என்பார் 1988இல் வெளியிட்ட கோஸ்ற்ஸ்கிரிப்ட் என்னும் மென்பொருள், போஸ்ட்ஸ்கிரிப்ட்டைக் கணினியிலேயே விளங்கிக்கொண்டு பொறிக்கேற்ற புள்ளிகளாக மாற்றித் தந்தமையால் அக்கல்லுட் சில பேசலாயின. பிறர் கைவிட்ட பொறிகளுக்கு இவ்வாறு மறுவாழ்வளித்த தொண்டு போதிய அளவு பாராட்டப்பெறவில்லை.

அறிவு மறைக்கப்படுதலால் வருங் கேட்டினை இதற்கு முன்னரே ஒருவர் உணர்ந்திருந்தார். மாசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில், 1980ஆம் ஆண்டளவில், செரொக்ஸ் 9700 வகை அச்சுப்பொறி ஒன்று பொதுவில் வைக்கப்பட்டது. பயன்படுத்துவோர் பலர் ஒரு மாடியிலும் பொறி வேறொரு மாடியிலும் இருந்தமையால், தாள் சிக்கிக்கொண்டதை அறியாது பலரும் காத்திருப்பர். முன்னிருந்த பொறியின் மென்பொருளில் ரிச்சட் ஸ்டோல்மன் என்பார் சில வரிகளைச் சேர்த்து, தாள் சிக்கினால் காத்திருப்போர் யாவர்க்கும் செய்தி செல்லுமாறு செய்திருந்தார். புதிய பொறிக்கு அவ்வாறு செய்ய முற்பட்டபொழுது அதன் மூலநிரல் அவருக்கு மறுக்கப்பட்டது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தோற்றத்தைக் கூறுவோர் இந்நிகழ்ச்சியைத் தவறாது குறிப்பர். இக்கட்டுரைக்கு இன்றியமையாதது வேறொன்று. பகிரப்பட்ட பொறி தன் நிலையைத் தானே கூறவியலாதிருந்தமை அதிற் புலனாகின்றது. எல்.பி.டி. ஏடு பத்தாண்டுகள் கழித்து வெளிவந்தும் அக்குறையை நீக்கவில்லை.

இரண்டாம் விடை விண்டோஸ் வலையமைப்பிலிருந்து எழுந்தது. அச்சுப்பொறியைப் பற்றிய அறிவு முழுவதும் ட்ரைவர் எனப்படும் இயக்கி நிரலில் அடங்கும். இயக்கியை உரையாசிரியர் ஒருவருக்கு ஒப்பிடலாம். மூலத்தை அறியாதார்க்கு அதன் பொருளை விரித்துக் கூறுபவர் அவர். எல்.பி.டி. முறையில் ஒவ்வொரு கணினியும் தனக்கு வேண்டிய உரையைத் தானே தேடிக்கொள்ளல் வேண்டும். விண்டோஸ் முறையில், பொறியைப் பகிர்ந்தளிக்கும் வழங்கியே அவ்வுரையையும் வைத்திருந்து, கேட்ட கணினிக்கு அனுப்பி நிறுவிவிடும். பயன்படுத்துபவர் பெயரைத் தெரிவுசெய்தால் போதும். வசதியை மட்டும் கொண்டு நோக்கின் இதனினும் சிறந்த முறை அந்நாளில் இருந்ததில்லை எனலாம்.

இம்முறையின் நெறிமுறைக்கு அக்காலத்தில் முழுமையான இலக்கண நூல் பிறர்க்குக் கிடைக்கவில்லை. கன்பராவிலுள்ள அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராயிருந்த அன்றூ டிரிட்ஜெல், கணினிகள் தம்முள் அனுப்பிக்கொண்ட செய்திகளை ஒற்றுக்கேட்டு, எக்கேள்விக்கு எவ்விடை வருகின்றதெனக் குறித்து, யூனிக்ஸ் கணினியும் அவ்வாறே பேசுமாறு செய்தார். 1992 தொடக்கத்தில் முதற்பதிப்பு வெளிவந்தது. சம்பா என்னும் பெயர் பின்னர், எஸ், எம், பி என்னும் மூன்றெழுத்துங் கொண்ட சொல்லொன்றைச் சொற்பட்டியலில் தேடிப் பெறப்பட்டது. பிரெஞ்சு மொழியறியாத ஒருவர் பிரெஞ்சு உணவகமொன்றில் அமர்ந்து, பிறர் கேட்பதையும் பரிசாரகர் கொணர்வதையும் பார்த்தே அம்மொழியைக் கற்பதற்குத் தம் முறையை அவர் ஒப்பிட்டார். அரியதோர் உவமை. அகராதியும் ஆசிரியருமின்றி ஒரு மொழியைக் கேட்டறிந்த இம்முயற்சி, வேறுவேறு இயங்குதளங்களிடையே பகிர்வு நிகழ்வதற்குப் பெருந்துணை புரிந்தது.

2001இல் வெளிவந்த சம்பா 2.2 பதிப்பு, விண்டோஸ் இயக்கிகளைத் தன்னிடத்து வைத்துக் கேட்பவர்க்கு வழங்கும் ஆற்றலையும் பெற்றது. இதிலுள்ள முரண் சுவையானது. லினக்ஸ் கணினி தான் வைத்திருக்கும் அவ்வியக்கிகளுள் ஒன்றையேனும் தானே இயக்கவியலாது. தான் படிக்கவறியாத மொழியிலுள்ள நூல்களை உரியவர்க்கு எடுத்துக்கொடுக்கும் நூலகக் காவலரைப் போன்றது அதன் நிலை. அந்நூலில் யாது எழுதப்பட்டுள்ளது என்பதை அவர் அறியார். பெற்றுச் செல்பவரும் ஆராய்வதில்லை.

அங்குதான் இம்முறையின் ஊனம் உள்ளது. இயக்கி என்பது உரைநூல் மட்டுமன்று. கணினியில் உயர் அதிகாரத்துடன் இயங்கும் நிரல். அச்சிட விரும்பிய ஒருவர், அச்சிடுதற்காக அந்நிய நிரலொன்றைத் தம் இல்லத்துள் ஏற்கின்றார். 2021 ஜூலை மாதத்தில் பிரின்ற் நைற்மெயர் என்னும் பெயரால் வெளிப்பட்ட குறைபாடு இதன் விளைவை உலகறியச் செய்தது. வலையமைப்பில் நுழைவுரிமை பெற்ற சாதாரணப் பயனர் ஒருவர், இயக்கி நிறுவுதல் என்னும் போர்வையில், மற்றொரு விண்டோஸ் கணினியில் தாம் விரும்பிய நிரலை முழு அதிகாரத்துடன் இயக்கக்கூடியதாயிருந்தது. மைக்ரோசொப்ட் நிறுவனம் வழக்கமான நாளுக்குக் காத்திராது திருத்தம் வெளியிட்டது. அடுத்த மாதம், இயக்கி நிறுவுதற்கு நிருவாகியின் அதிகாரம் வேண்டும் என்பது இயல்பான அமைப்பாக்கப்பட்டது. இரண்டாம் விடையின் அழகே எவரும் எளிதில் நிறுவலாம் என்பது. அவ்வழகைக் களைந்தபின் எஞ்சியது சிறிதே.

மூன்றாம் விடை ஐ.பி.பி. எனப்படும் இணைய அச்சிடல் நெறிமுறை. 1999இல் சோதனை நிலையிலும் 2000 செப்டெம்பரில் 1.1 என்னும் பதிப்பாகவும் இது வெளியிடப்பட்டது. 631ஆம் துறையெண்ணில், இணையப் பக்கங்களைக் கொணரும் எச்.ரீ.ரீ.பி. வழியாகவே இது பேசும். அச்சுப்பொறியிடம் நேரே வினவுக என்பதே இதன் விடை. நீ எவ்வடிவக் கோப்புக்களை ஏற்பாய், எத்தாள் உன்னிடம் உண்டு, இருபுறமும் அச்சிடுவையோ எனக் கேட்டால், வரையறுத்த பெயர்களில் பொறியே விடை கூறும். அதன் நிலை மூன்று எண்களுள் அடங்கும்: 3 எனின் ஓய்ந்திருக்கின்றது, 4 எனின் பணியில் உள்ளது, 5 எனின் நின்றுவிட்டது. நின்றமைக்குக் காரணம் தாள் தீர்ந்தமையோ சிக்கியமையோ என்பதும் தனிச்சொல்லால் உணர்த்தப்படும். ஆய்வுகூடத்தில் ஸ்டோல்மன் விரும்பிய சிறு வசதி இருபதாண்டு கழித்து விதியாயிற்று.

தமிழ் வழங்கும் இடத்திலிருந்து நோக்குவோர்க்கு இந்நெறிமுறையின் ஒரு சிறப்பு உடனே புலப்படும். ஒவ்வொரு வேண்டுகோளிலும் முதலில் நிற்க வேண்டியது எழுத்துமுறையின் பெயர். இரண்டாவதாக நிற்க வேண்டியது மொழியின் பெயர். எல்.பி.டி. ஏட்டுக்கு ஆஸ்கி எழுத்தன்றிப் பிறிதோர் எழுத்துலகம் இல்லை. 1991இல் யூனிகோட் தமிழுக்கு இடமளித்த பின்னர் பெருவழக்காகிய யூ.ரீ.எப்.-8 முறையில், ‘அ’ என்னும் ஓரெழுத்து மூன்று பைட்டுக்களாக அமையும். அத்தகைய உரைக்கோப்பை வெறும் உரையாகவே பழைய பொறியொன்றுக்கு அனுப்பினால், அப்பொறி மூன்று பைட்டுக்களையும் மூன்று அந்நியக் குறிகளாக அச்சிட்டுத் தள்ளும். எழுத்துருவைப் பொறியுள் வைத்தாலும் முழுத் தீர்வாகாது. ‘கொ’ என்பது கணினியில் ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டே. தாளிலோ ககரத்தின் இருமருங்கும் கொம்பும் காலும் நிற்றல் வேண்டும். இவ்வமைப்பை எவரேனும் கணித்தல் வேண்டும். அக்கணிப்பை அனுப்புங் கணினியே செய்து முடித்துப் பக்கத்தை அனுப்புதலே உறுதியான வழி. அங்ஙனம் அனுப்பப்பெற்ற பக்கம் தமிழோ சிங்களமோ அரபோ என அச்சுப்பொறி அறிய வேண்டுவதில்லை. ஆவணத்தின் பெயரும் காத்திருப்போர் பெயரும் வரிசையிலே தமிழில் தோன்றுதற்கு மட்டும், எழுத்துமுறையைக் கூறுதல் வேண்டும் என்னும் அவ்விதி துணைசெய்யும்.

இந்நெறிமுறையில் குற்றமேயில்லை என்றல் பொருந்தாது. எல்.பி.டி. குன்றக் கூறிற்றாயின் இது மிகைபடக் கூறிற்று. 1.1 பதிப்பின் மாதிரியை விளக்கும் ஏடு மட்டும் இருநூறு பக்கங்களைக் கடந்தது. பண்புகளுட் பல விரும்பினால் ஏற்கத்தக்கனவாக விடப்பட்டமையால், விதி வழுவாத இரு பொறிகள் தம்முள் வேறுபட்டு நின்றன. எக்கோப்பு வடிவத்தை எல்லாப் பொறிகளும் கட்டாயம் ஏற்றல் வேண்டும் என்பதை முதலில் வரையறுக்காமை பெருங்குறை. பேசுமுறை பொதுவாயிற்று; பேசும் பொருளோ பொதுவாகவில்லை. ஆகவே இயக்கியின் தேவை மேலும் பத்தாண்டு நீடித்தது. மைக்கேல் சுவீட் என்பார் உருவாக்கி 1999இல் வெளியிட்ட கப்ஸ் என்னும் மென்பொருள் ஐ.பி.பி.யைத் தன் அடித்தளமாகக் கொண்டது. 2002இல் அப்பிள் அதனைத் தன் இயங்குதளத்தில் ஏற்றுக்கொண்டு, 2007இல் அதன் உரிமையையும் பெற்றது. இவ்வளவிருந்தும் ஒவ்வொரு பொறிக்கும் தனித்தனி விவரணக் கோப்புத் தேடும் தொல்லை ஒழியவில்லை.

அத்தொல்லையை ஒழித்தது ஏட்டறிவன்று, கையிலேந்தும் கருவி. ஐபோன், ஐபாட் முதலியவற்றில் எவரும் இயக்கி நிறுவவியலாது. 2010 நவம்பரில் அப்பிள் எயர்பிரின்ற் என்னும் முறையை வெளியிட்டபொழுது, பொறி தன்னிருப்பை வலையமைப்பில் தானே அறிவித்தல் வேண்டும், தன் பண்புகளை ஐ.பி.பி. வழி கூறல் வேண்டும், வரையறுத்த புள்ளிப்பட வடிவை ஏற்றல் வேண்டும் என்னும் நிபந்தனைகள் எழுந்தன. 2013இல் அச்சுப்பொறி ஆக்குவோர் குழு, அதனையொத்த ஐ.பி.பி. எவ்ரிவெயர் என்னும் பொதுவிதியை வெளியிட்டது. போஸ்ட்ஸ்கிரிப்ட் கண்ட கனவு வளைவுகளும் எழுத்துருக்களும் நிறைந்த உயர்மொழியொன்றைப் பற்றியது. இறுதியில் எல்லா இயங்குதளங்களும் உடன்பட்ட பொதுமொழி வெறும் புள்ளிகளாயிற்று. இதனை வீழ்ச்சியென்பார் உளர், அது பிழை. அங்குலத்துக்கு 600 புள்ளி என்னும் நுண்மையிற்கூட, கருமை மட்டும் கொண்ட ஒரு பக்கம் இக்காலத்துச் சாதாரண வலையமைப்பில் அரை வினாடிக்குள் சென்றுவிடும். 1985இல் மொழியின் சுருக்கத்தை வேண்டி நின்ற காரணம் மறைந்தது. ஆதலின் அச்சுருக்கமும் இன்றியமையாததன்றாயிற்று.

பொறியிடமே கேட்க என்னும் இவ்விடை முன்னிரண்டினும் சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பொறி கூறுவதெல்லாம் மெய்யெனக் கொள்ளலாமோ என்னும் வினா நெடுங்காலம் கேட்கப்படவில்லை. 2024 செப்டெம்பர் 26ஆம் நாள் வெளியிடப்பட்ட ஆய்வொன்று அதனைக் கேட்டது. கப்ஸுடன் இயங்கி வந்த துணைநிரலொன்று, புதிய அச்சுப்பொறி ஒன்று உண்டு என வலையமைப்பில் எவர் அறிவித்தாலும் ஏற்றுக்கொண்டது. அறிவித்தவரிடம் சென்று பண்புகளை வினவி, கூறிய சொற்களைச் சோதியாது விவரணக் கோப்பில் எழுதியது. பொறியின் பண்புகளுக்குள்ளே கட்டளையொன்றை ஒளித்து வைத்தவர், பயனர் அப்பொய்ப் பொறியில் ஒரு தாள் அச்சிட முயன்றவுடன், அக்கட்டளையை அவர்தம் கணினியில் இயக்கக்கூடியதாயிற்று. பழைய விவரணக் கோப்பு முறையைப் புதிய வினவல் முறையுடன் ஒட்டவைத்த தையலிலேயே இவ்வோட்டை இருந்தது என்பது நோக்கற்பாலது. இயக்கியை ஐயமின்றி ஏற்ற விண்டோஸும், பொறியின் சொல்லை ஐயமின்றி ஏற்ற லினக்ஸும் மூன்றாண்டு இடைவெளியில் ஒரே பாடத்தைப் படித்தன. எவ்வியங்குதளம் சிறந்தது என வாதிடுவோர் இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குதல் நன்று.

இப்பொழுது காற்று ஒரு திசையிலேயே வீசுகின்றது. பிற நிறுவனங்களின் அச்சுப்பொறி இயக்கிகளை விண்டோஸ் புதுப்பிப்பு வழியாக வழங்குவதைப் படிப்படியாகக் கைவிடப்போவதாக மைக்ரோசொப்ட் 2023 செப்டெம்பரில் அறிவித்தது. புதிய பொறிகளுக்கு இதனால் இடரில்லை. இடர்ப்படுவன 1990களிலும் அதன் பின்னரும் விலைகுறைத்து விற்கப்பட்ட ஊமைப் பொறிகள். அவற்றை வாங்கிய பாடசாலைகளும் சிறு அலுவலகங்களும் அவற்றை எளிதில் எறிந்துவிடா. அவற்றுக்கு ஒரு வழி உண்டு. விலைகுறைந்த சிறு லினக்ஸ் கணினி ஒன்றைப் பொறியின் அருகே வைத்து, கப்ஸும் கோஸ்ற்ஸ்கிரிப்ட்டும் நிறுவினால், அக்கணினி தன்னையே ஐ.பி.பி. அறிந்த பொறியாக வலையமைப்பில் அறிவித்து, விண்டோஸும் மக்கும் கைத்தொலைபேசியும் அனுப்பும் பக்கங்களைப் பெற்று, பழைய பொறிக்குரிய புள்ளிகளாக மாற்றித் தரும். அப்பொறியின் புள்ளிமுறையைக் கண்டறிந்து எவரேனும் நிரலெழுதித் திறந்த வடிவில் வைத்திருந்தால் மட்டுமே இது இயலும். அங்ஙனம் எவரும் எழுதாத பொறிகள், தாளும் மையும் உருளையும் பழுதுறாதிருக்கவே, தமக்குரிய இயக்கியை ஏற்கும் கடைசி விண்டோஸ் கணினியுடன் வழக்கொழியும்.